பள்ளி விட்ட பிறகு பிள்ளையை எங்கே விடுவது? வடசென்னைப் பெற்றோருக்கு நாலு வழிகள், ஓர் ஒப்பீடு

பள்ளி விடுவது நாலு மணிக்கு. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ போகும் அம்மா வீடு திரும்ப ஏழரை, எட்டு ஆகிவிடும். அப்பாவுக்கு ஹார்பரில் ஷிஃப்ட் என்றால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பாட்டி இருக்கிற வீட்டில் கவலை இல்லை. இல்லாத வீட்டில் அந்த நாலு மணி நேரம்தான் தினப்படி தலைவலி.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பெற்றோர்கள் கூடினால் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. பக்கத்துத் தெரு அக்காவிடம் டியூஷன் விடலாமா? மெயின் ரோட்டு சென்டரா? டிரஸ்ட்காரர்கள் இலவசமாகச் சொல்லித் தருகிறார்களே, அங்கேயா? பையன் பாக்ஸிங் கேட்கிறானே, சேர்த்துவிடலாமா? கடைசியில் யாராவது ஒருவர், "அங்க கவர்மென்ட் ரிஜிஸ்டர்னு போர்டே வச்சிருக்காங்க, சேஃபாத்தான் இருக்கும்" என்று முடித்துவைப்பார். அந்த ஒரு காரணத்தை வைத்து மட்டும் யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போர்டில் உள்ள எண் என்ன சொல்கிறது

'அரசு பதிவு பெற்றது' என்று எழுதி, கீழே ஒரு எண் போட்டிருந்தால், அது எந்தப் பதிவு என்று கேளுங்கள். உத்யம் பதிவு என்றால், அது சிறு தொழில்களுக்கானது. நடத்துபவர் தானே விவரம் கொடுத்து, இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். டிரஸ்ட் பதிவு என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பொருள். சங்கம் என்றால், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்தது. மூன்றுமே முறையான பதிவுகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரப்போகிறவர் யார், அவர் மேல் வழக்கு எதுவும் உண்டா என்பதை இந்த மூன்றில் எதற்காகவும் யாரும் விசாரிப்பதில்லை.

கோச்சிங் சென்டர்களுக்கென்று ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை ஆசிரியராக வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அது 50 மாணவர்களுக்கு மேல் படிக்கும் இடங்களுக்குத்தான். விளையாட்டையும் நடனத்தையும் அதுவே விலக்கிவைத்துவிட்டது. மாடி அறையில் முப்பது பிள்ளைகளை வைத்து நடத்தும் சென்டரும், தெருமுனை பாக்ஸிங் கிளப்பும் அதற்குள் வரவே வராது.

நமக்குக் கை கொடுப்பது வேறொன்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதன் கீழ் 2020 மார்ச்சில் வந்த விதிகளில் மூன்றாம் விதியைத்தான் பலர் கவனிக்கவில்லை. குழந்தைகள் தங்கும் இடங்களோடு, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. பள்ளி, குழந்தைகள் காப்பகம், ஸ்போர்ட்ஸ் அகாடமி என்று பெயர் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான மற்ற எந்த இடமானாலும் என்றும் சொல்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் குழந்தைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வொருவருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷனும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்தாக வேண்டும். பாடம் எடுப்பவர், எடுக்காதவர், நிரந்தர வேலைக்காரர், கான்ட்ராக்ட் ஆள் என்ற பேதமில்லை. வேன் டிரைவருக்கும் உண்டு, கேட்டில் உட்காரும் வாட்ச்மேனுக்கும் உண்டு.

ஆகவே ஒரு சென்டரில் போய் "எல்லாருக்கும் வெரிஃபிகேஷன் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நீங்கள் யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சட்டம் செய்யச் சொன்னதைச் செய்தார்களா என்றுதான் கேட்கிறீர்கள்.

எதை வைத்து எடை போடுவது

நாலு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, வெரிஃபிகேஷன் ஆகியிருக்கிறதா, எந்தத் தேதியில். இரண்டு, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்க அந்த இடத்தில் வாய்ப்பு இருக்கிறதா. மூன்று, அங்கே ஏதாவது சரியில்லை என்றால் நடத்துபவரைத் தவிர வேறு யாரிடம் சொல்வது. நாலாவது தூரம், நேரம், பணம்.

இதில் இரண்டாவதுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஏன் என்றால், போலீஸ் வெரிஃபிகேஷனில் தெரியவருவது பதிவான வழக்கு மட்டும்தான். புகாரே கொடுக்காத சம்பவம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பான்மையானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடாவருடம் சொல்கின்றன. தெரிந்தவர் என்பதாலேயே புகார் கொடுக்காமல் அமுங்கிப்போனவை எத்தனையோ. வெரிஃபிகேஷன் வேண்டும், அது இல்லாமல் பிள்ளையை விடக் கூடாது. ஆனால் அது கையில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது.

தூரத்தை லேசாக நினைக்காதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல சென்டர் இருந்தாலும், மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளம் தாண்டப் பழகிவிடும் ஒன்பது வயதுப் பையனுக்கு அது நல்ல சென்டர் இல்லை. எண்ணூர், மணலி பக்கம் என்றால் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டைக் கணக்கில் எடுங்கள்.

பக்கத்துத் தெரு அக்கா வீட்டு டியூஷன்

காகிதம் என்று பார்த்தால் இங்கே ஒன்றும் இருக்காது. பி.காம். முடித்த பெண், சாயந்திரம் ஆறேழு பிள்ளைகளை ஹாலில் பாய் போட்டு உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாள். இதை நிறுவனம் என்று எந்த அதிகாரியும் கணக்கில் எடுத்துக்கொண்டு வந்து விசாரிக்கப்போவதில்லை.

ஆனால் இரண்டாவது அளவுகோலில் இந்த வீடு பல சமயம் பெரிய சென்டர்களைத் தாண்டிவிடும். வாசல் கதவு திறந்திருக்கிறது, ஹால் தெருவைப் பார்த்திருக்கிறது, எதிர்வீட்டு ஆயா படியில் உட்கார்ந்து பூ கட்டுகிறார், பிள்ளைகள் கூட்டமாக இருக்கிறார்கள். இதெல்லாம் இருந்தால் பாதி பயம் குறையும். கவனிக்க வேண்டியது அக்காவை விட, அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். தம்பி, மாமா, மாடியில் குடியிருப்பவர், அடிக்கடி வந்து போகும் நண்பர். பிள்ளை பாத்ரூம் போக வேண்டுமானால் எந்த அறையைக் கடந்து போகிறது என்று ஒரு தடவை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். "அக்கா கடைக்குப் போனா யார் பாத்துப்பாங்க?" என்று பிள்ளையிடம் சாதாரணமாகக் கேளுங்கள், பதில் வரும்.

மறைமுகச் செலவு இங்கே பணத்தில் வராது. கல்யாணம், பிரசவம், வேறு வேலை என்று ஒரு நாள் டியூஷன் நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் பரீட்சை நேரத்தில். அன்று சாயந்திரம் பிள்ளை எங்கே என்பதற்கு உங்களிடம் இன்னொரு பதில் இருக்க வேண்டும். மூன்றாவது அளவுகோலில் இது அடியோடு தோற்றுவிடும். புகார் என்றால் போய்ச் சொல்ல அங்கே இன்னொருவர் கிடையாது. ஒரே தெருவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே என்று பலர் வாயே திறப்பதில்லை.

அஞ்சாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைக்கு, நடந்து போகும் தூரத்தில், திறந்த வாசலும் நாலைந்து பிள்ளைகளும் இருக்கிற வீடு கிடைத்தால் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

மெயின் ரோட்டு டியூஷன் சென்டர்

பாடத்துக்கு இதுதான் பலம். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கும் சயின்ஸும் வீட்டு டியூஷனில் பாதிக்கு மேல் நிற்காது. வருகைப் பதிவு, டெஸ்ட் மார்க், பெற்றோருக்கு மெசேஜ் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கேமரா வைத்திருப்பார்கள்.

கேமரா இருக்கிறது என்று கேட்டவுடன் திருப்தி ஆகிவிடாதீர்கள். எந்த அறையில் இருக்கிறது, படிக்கட்டில் இருக்கிறதா, டவுட் கிளியர் பண்ணும் சின்ன அறையில் இருக்கிறதா, பதிவு எத்தனை நாள் நிற்கும், யார் பார்க்கிறார்கள்? 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு பேரை மட்டும் வரச் சொல்கிறார்களா? எட்டு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கிய பிறகும் உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா? கீழே செருப்புக் குவியல் இருக்கும் வரை ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி இரண்டு ஜோடி செருப்பு யாருடையது என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

இங்கே வெரிஃபிகேஷன் கேட்டால் முதலாளி தன்னுடையதைக் காட்டுவார். பாடம் எடுக்கும் பார்ட் டைம் ஆசிரியர்கள் கல்லூரி மாணவர்களாக இருப்பார்கள், வருடத்துக்கு இரண்டு முறை மாறுவார்கள். அவர்களுக்கும் ஆகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று வாட்ஸ்அப். குரூப்பில் பெற்றோர் நம்பர் இருப்பது சரி. ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் போடும் வழக்கம் இருந்தால், அது பாடத்தைப் பற்றியே ஆனாலும் வேண்டாம் என்று சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாதக் கட்டணத்துக்கு மேல் கைடு, டெஸ்ட் பேட்ச், யூனிட் டெஸ்ட் கட்டணம் என்று வரும். வருடக் கணக்காக எவ்வளவு ஆகும் என்று மொத்தமாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொண்டு நிறுவனத்தின் மாலை மையம்

வடசென்னையில் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. தேவாலயத்தை ஒட்டியும், சமுதாயக் கூடத்திலும், இளைஞர் மன்றத்திலும் இரவுப் பள்ளிகள் எத்தனையோ பேரைப் படிக்க வைத்திருக்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் இதே வழிதான்: தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தெருவிலேயே சாயந்திர வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள்.

நல்ல மையத்துக்கு எழுதிவைத்த குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். புகார் சொல்ல ஒருவர் பெயரும் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்கும். மூன்றாவது அளவுகோலில் நாலு வழிகளில் இதுதான் முதலிடம். காசும் ஆகாது, அல்லது பெயருக்கு ஏதோ வாங்குவார்கள்.

ஓட்டை இருப்பது தன்னார்வலர்கள் விஷயத்தில். போக்சோ விதி வேலையில் இருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. சம்பளம் வாங்காமல் சனிக்கிழமை வந்து போகும் ஐ.டி. கம்பெனிக்காரரோ, மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவரோ அந்தப் பட்டியலில் இல்லை என்று மையம் நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால் "ஸ்டாஃபுக்குப் பண்ணிட்டோம்" என்ற பதிலோடு நிறுத்தாமல், "வாலண்டியருக்கும் பண்ணுவீங்களா, இல்லேன்னா அவங்க தனியா பிள்ளைங்களோட இருப்பாங்களா?" என்று கேளுங்கள். சேவை செய்ய வந்தவரை இப்படிக் கேட்கலாமா என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். சேவைக்கு வந்தவர் உண்மையிலேயே நல்லவர் என்றால், இந்தக் கேள்விக்கு அவர்தான் முதலில் சந்தோஷப்படுவார்.

இலவசத்துக்கு ஒரு விலை உண்டு. நன்கொடையாளருக்கு அனுப்ப உங்கள் பிள்ளையின் போட்டோவும் 'குடிகார அப்பா, கூலி வேலை அம்மா' என்ற கதையும் ஃபேஸ்புக்கில் போய்விடும். அட்மிஷன் ஃபாரத்தில் அந்த அனுமதி எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, வேண்டாம் என்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிதி நின்றால் மையம் மூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ராத்தங்கல் இருக்கும் இடம் என்றால் கணக்கே வேறு. குழந்தைகள் இல்லத்துக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவும், ஹாஸ்டலுக்கு 2014 தமிழ்நாடு சட்டப்படி உரிமமும் கட்டாயம். 'ஸ்டடி சென்டர்தான், லேட்டானா இங்கயே தூங்கிக்கலாம்' என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

கிளப், கோச்சிங்

பாக்ஸிங், கால்பந்து, கேரம் மூன்றும் இந்த மண்ணோடு கலந்தவை. 2024-இல் கேரம் உலகக் கோப்பையை வென்ற காசிமா வடசென்னைப் பெண். வியாசர்பாடித் தெருக்களில் கால்பந்தால் வேலை கிடைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் உண்டு. வேறு பழக்கங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற தெருக்களில், பதின்மூன்று வயதுப் பையனை சாயந்திரம் கிரவுண்டில் பிடித்து நிறுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாக்களுக்குத் தெரியும். பயந்துகொண்டு இதை விட்டுவிடுங்கள் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாலு வழிகளில் அதிக விசாரணை தேவைப்படுவது இதற்குத்தான். உடம்பைத் தொட்டுச் சொல்லித் தர வேண்டிய வேலை இது. உடை மாற்ற வேண்டும். தசை பிடித்தால் மசாஜ் என்பார்கள். டோர்னமென்ட் என்று வெளியூர் போய் இரவு தங்க வேண்டும். டீமில் எடுப்பதும் கழிப்பதும் மாஸ்டர் கையில், அதனால் பிள்ளை அவரைப் பற்றி வாய் திறக்காது. பெற்றோரும் 'மாஸ்டர் சொன்னா சரி' என்று இருந்துவிடுவார்கள். மாஸ்டர் மேல் வைக்கும் அந்த மரியாதை நல்லவர்களால் சம்பாதிக்கப்பட்டது. கெட்டவன் ஒருவன் வந்தால் அவனுக்கும் அது இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெளியான சம்பவத்தை மறக்கக் கூடாது. ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் முகாம் நடந்தது. நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே கிடையாது. அங்கே தங்கிய பள்ளி மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். சீருடையும் பெயரும் இருந்தன, அவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

எனவே கிளப்பில் சேர்க்குமுன்: மாஸ்டர் எந்த விளையாட்டுச் சங்கத்தில் பதிந்திருக்கிறார் என்று கேட்டு, அந்தச் சங்கத்திடமே போன் போட்டு உறுதி செய்யுங்கள். ஸ்போர்ட்ஸ் அகாடமி என்று போக்சோ விதியிலேயே பெயர் இருப்பதால் வெரிஃபிகேஷனைத் தயங்காமல் கேளுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் பயிற்சி நேரம் முழுக்க ஒரு பெண் அங்கே இருக்க வேண்டும், அது ஒரு சீனியரின் அம்மாவாக இருந்தாலும் போதும். வெளியூர்ப் பயணத்துக்குப் பெற்றோரில் இருவர் சுழற்சியில் கூடப் போவது, பெரியவர் எவரும் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கக் கூடாது என்பது, இரண்டையும் முதல் மாதமே பேசி முடித்துவிடுங்கள். டோர்னமென்டுக்கு முதல் நாள் ராத்திரி பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

செலவு: ஷூ, கிளவுஸ், ஜெர்சி, என்ட்ரி ஃபீஸ், ரயில் டிக்கெட். கட்ட முடியாத பிள்ளைக்கு மாஸ்டரே வாங்கித் தருவதும் நடக்கும். பெரும்பாலும் நல்ல மனதோடுதான். இருந்தாலும் அது உங்களுக்குத் தெரிந்து, உங்கள் கையில் கொடுக்கப்பட வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல், திறந்த கிரவுண்டில், பத்துப் பேருக்குக் குறையாமல் பயிற்சி நடக்கும் கிளப் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். பூட்டிய ஜிம்மில் 'இவனுக்குத் தனியா ஸ்பெஷல் ட்ரெய்னிங்' என்றால் வேண்டாம்.

வெரிஃபிகேஷனை நடத்திவைப்பது எப்படி

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியரோ மாஸ்டரோ தனக்குத் தானே எடுப்பதுதான் சுலபம். போட்டோ, அடையாள அட்டை, முகவரி ஆதாரம் வேண்டும், கட்டணம் ஆன்லைனிலேயே கட்டலாம். பாஸ்போர்ட் ஆபீஸில் வாங்கும் சான்று வெளிநாடு போவதற்கானது, அதைக் கொண்டுவந்து காட்டினால் இது இல்லையே என்று சொல்லுங்கள். ஆந்திராவிலோ வேறு மாநிலத்திலோ பல வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்றால் அந்த ஊர்ப் போலீஸ் சான்றும், கடைசியாக வேலை பார்த்த இரண்டு இடங்களின் போன் நம்பரும் கேளுங்கள். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் என்று 2018-இல் தொடங்கியது ஒன்று இருக்கிறது. அதைப் போலீஸ் மட்டும்தான் பார்க்க முடியும், நாம் பெயர் போட்டுத் தேட வழியில்லை.

கட்டணத்தை அந்த அக்கா தலையிலோ, இலவசமாகச் சொல்லித் தரும் மாஸ்டர் தலையிலோ கட்டாதீர்கள். பத்துப் பெற்றோர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வேளை டிபன் காசு கூட ஆகாது. "மாஸ்டர், நாங்களே கட்டிடறோம், நீங்க ஆதார் மட்டும் குடுங்க" என்று சேர்ந்து போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதற்கும் ஒருவர் கோபப்பட்டு மறுத்தால், வேறு இடம் பார்ப்பதற்கு அந்தப் பதிலே போதும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது என்று இப்போதே பேசிவையுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டால்

பிள்ளை போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, காரணம் சொல்லவில்லை என்றால் முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள். காரணத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளலாம், மாதக் கட்டணம் போனால் போகட்டும்.

நடந்தது தெரியவந்தால் குப்பத்துப் பஞ்சாயத்திலோ, சங்கத்து ஆட்களிடமோ, மையத்தின் நிர்வாகியிடமோ பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்கோ போன் செய்யுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குற்றம். தன் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிர்வாகிக்கு ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. "பேர் கெட்டுடும், வெளிய சொல்லாதீங்க" என்று நிர்வாகி கெஞ்சினால் இதைச் சொல்லுங்கள்.

ஸ்டேஷன் என்றாலே பயமாக இருக்கிறது என்று பலர் பின்வாங்குகிறார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வைத்து எடுக்க வேண்டும், கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், அவர் யூனிஃபார்மில் வரக் கூடாது, பிள்ளையை ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கவே கூடாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. பெயரும் முகவரியும் பள்ளியும் பத்திரிகையில் வரக் கூடாது என்பது 23-ஆம் பிரிவு. போன் செய்யும்போதே "வீட்டுக்கு வந்து எடுங்க" என்று கேட்கலாம். அது உங்கள் பிள்ளையின் உரிமை.